ஜீப் கிளம்பிய பிறகு: போடி ஏலமலைச் சரிவில் குழந்தைகள் கற்ற பழக்கம் நிலைப்பது குறித்து

1. பொருளும் எல்லையும்

போடிநாயக்கனூரில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியில் சோறும் தலையில் துண்டுமாக ஆட்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். கம்பம் பக்கத்து ஆட்கள் கம்பம்மெட்டு வழியாகப் போகிறார்கள். காய் எடுக்கப் போவோரில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். சில வீடுகளில் இரண்டு வயது மூத்த அக்காவிடம்.

அந்தப் பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு வழிசெய்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் உண்டு, சிறப்பாசிரியர் உண்டு, பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. இவற்றின் வழியாக, கை கழுவுவது, சட்டைப் பொத்தான் போடுவது, தானாக உண்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டுவது ஆகியவற்றைப் பிள்ளை சில மாதங்களில் கற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிகிறது. பிறகு என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கற்பிக்கும் முறைகளை இங்கே ஆராயவில்லை. அவை பற்றித் தமிழிலேயே கையேடுகள் இருக்கின்றன. கற்ற ஒன்று, கற்பித்தவர் போன பிறகும் ஏன் நிற்கிறது, ஏன் கரைகிறது என்ற கேள்விக்குத்தான் இடம் குறைவாகக் கிடைத்திருக்கிறது. நான் வாதிட விரும்புவது ஒன்றே: பழக்கம் நிலைப்பதைப் பிள்ளையின் திறமையாக எண்ணி அளப்பது தவறு. பிள்ளை திரும்பிப்போகும் வீடும் தெருவும் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயமும் அந்தப் பழக்கத்துக்கு என்ன பதில் தருகின்றன என்பதுதான் அதை நிலைக்கச் செய்கிறது, அல்லது கரைக்கிறது. ஆகவே பயிற்சியின் கடைசிப் பகுதியை அந்த இடத்தை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

2. மூன்று சொற்கள்

ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் பலன் அச்செயலை மறுபடி செய்யத் தூண்டினால் அதை வலுவூட்டல் என்கிறோம். ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்திலும் வேறோர் ஆளிடமும் செய்வது பொதுமையாக்கம். பயிற்சியின் பலன்கள் விலக்கப்பட்ட பின்னும் அச்செயல் தொடர்வது நிலைபேறு.

நிலைபேற்றை நினைவாற்றலோடு குழப்பிக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்துப் பொத்தான் போடாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து 'மறந்துவிட்டது' என்கிறோம். பல சமயம் அது மறக்கவில்லை. அவசரத்தில் யாரோ பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் தானே போடவேண்டிய தேவை எழவில்லை. அதே பிள்ளையைச் சிறப்பாசிரியர் முன் நிறுத்தினால் இரண்டே நாளில் மறுபடி போடும். மறதிக்கு மருந்து மறுபடி கற்பித்தல். தேவை எழாமைக்கு அது மருந்தாகாது.

3. 1973இன் பாடம்

இத்துறையில் என்னை மிகவும் பாதித்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளுக்குத் தீவிரப் பயிற்சி தந்தார்கள். பேச்சும் விளையாட்டும் கூடின. ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது குழந்தைகள் இரு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். பெற்றோர்களே பயிற்சி பெற்றிருந்த வீடுகளின் குழந்தைகள் மேலும் முன்னேறியிருந்தார்கள். விடுதி போன்ற நிறுவனங்களில் விடப்பட்டவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள். இழந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் மறுபடி பயிற்சி தந்ததும் திறன்கள் திரும்பின. ஆனால் அது தற்காலிகப் பலன்தான்.

லோவாஸின் அக்காலத்து முறைகளில் அடியும் வலியும் இருந்தன. அவற்றை இன்று எவரும் பின்பற்றக் கூடாது. ஆனால் அந்தத் தொடர் ஆய்வு காட்டியதைப் புறந்தள்ள முடியாது. ஒரே ஆய்வுக்குழு, ஒரே வகைப் பயிற்சி. இருந்தும் முடிவு நேரெதிர். பயிற்சிக்குப் பின் குழந்தை போய்ச் சேர்ந்த இடமே அந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேயரும் இத்துறையின் ஏறத்தாழ 270 ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். மிகப் பரவலாகத் தென்பட்ட அணுகுமுறைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள்: பயிற்சி கொடு, பிறகு நம்பிக்கொண்டிரு. நிலைபேறு தானாக வந்துவிடும் என்ற அந்த எதிர்பார்ப்பை அவர்கள் ஏற்கவில்லை. அதையும் தனியே திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான வழிகளையும் தொகுத்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் நம் பதிவேடுகள் பலவற்றில் 'பயிற்சி நிறைவு' என்ற பத்தியோடு கதை முடிந்துவிடுகிறது.

4. வீட்டில் நடப்பது என்ன

கற்பனையாக ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயது, பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தொட்டுக் காட்ட மையத்தில் கற்றுக்கொண்டாள். அங்கே டம்ளரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் தண்ணீர் கிடைத்தது. கூடவே 'தங்கம், சரியாக் கேட்டே' என்ற பாராட்டும் கிடைத்தது.

வீட்டில் அப்பத்தா அடுப்படியில் இருக்கிறார். பேத்தி டம்ளரைத் தொடுகிறாள். அவர் கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை தொடுகிறாள். பார்க்கிறார், ஆனால் பிள்ளை பாத்திரத்தோடு விளையாடுகிறது என்று நினைக்கிறார். பிறகு அவள் கத்தி அழுகிறாள். அப்பத்தா ஓடிவந்து தண்ணீர் தருகிறார். நான்கு நாள் இப்படி நடந்தால் டம்ளரைத் தொடுவது நின்றுவிடும், அழுகை மட்டும் நிலைத்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்து வந்த செயல், பலன் நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில் பலன் கிடைத்து வந்த செயல் நெடுநாள் ஓயாமல் நிற்கிறது. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பெருநூல் பலன் தரும் முறைகளை விரிவாக ஆராய்ந்தது. நம் சிறுமியின் வீட்டில் இந்த விதி நமக்கு எதிராக வேலை செய்கிறது. மையத்தில் கற்ற நல்ல பழக்கத்துக்கு முழுப் பலன் பழக்கப்பட்டிருக்கிறது, ஆகவே அது எளிதில் உதிர்கிறது. அழுகைக்கோ சில நாள் அதட்டல், சில நாள் பிஸ்கட். ஆகவே அது வேரூன்றுகிறது.

அப்பத்தாவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. எழுபது வயதில் சமையலும் மாடும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அவர் பொறுப்பு. டம்ளரைத் தொடுவதற்கு என்ன பொருள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது தாய். பயிற்சியைப் பார்த்ததும் தாய். காலை ஆறு மணிக்குப் பிள்ளையோடு இருப்பவரோ வேறொருவர். போடி வட்டாரத்தில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

5. மலையின் ஆண்டுக் கணக்கு

ஏலச்செடி மழையோடு பூத்துக் காய்க்கிறது. காய் எடுப்பு பொதுவாக ஆடி, ஆவணியில் சூடுபிடித்து மாசி வரை நீள்கிறது. ஒரே செடியில் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. ஆகவே முப்பது, நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே தோட்டத்துக்குள் மறுபடி போக வேண்டும். கோடையில் வேலை அடியோடு நின்றுபோவதில்லை. கவாத்து உண்டு, மருந்தடிப்பு உண்டு, தண்ணீர் பாய்ச்சுவது உண்டு. ஆனால் காய் எடுப்பு அளவுக்கு ஆட்கள் தேவைப்படுவதில்லை.

இதைப் பள்ளி ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். பள்ளியும் அதை ஒட்டிய பயிற்சியும் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகின்றன. பயிற்சி முழுவீச்சில் நடக்கும் ஆகஸ்டு முதல் ஜனவரி வரையான மாதங்களில்தான் தாய் மலையில் இருக்கிறார். தாய் வீட்டில் இருக்கக்கூடிய கோடையில் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. பெற்றோர் வரவில்லை, ஆர்வம் இல்லை என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. ஒருநாள் கூலியை விட்டால்தான் வர முடியும் என்ற மாதத்தில் கூட்டம் வைத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பெற்றோருக்கான பயிற்சியை மார்ச் நடுவில் தொடங்கி மே இறுதிவரை வைத்துக்கொள்வதே இந்த மலைக்குப் பொருந்தும். காய் எடுப்புக் காலத்துப் பயிற்சி பாட்டிக்கும் அக்காவுக்கும் உரியதாக இருக்க வேண்டும்.

சில குடும்பங்கள் தினமும் இறங்குவதில்லை. வாரக்கணக்கில் தோட்டத்து லயத்திலேயே தங்குகின்றன. பிள்ளையும் கூடப் போகிறது. போடியில் குழாயைத் திருகிக் கை கழுவக் கற்ற பிள்ளைக்கு மேலே இருப்பது பிளாஸ்டிக் டிரம்மும் மக்கும். தண்ணீர் சில்லென்றிருக்கும், கழிப்பறைக் கதவு வேறு மாதிரி இருக்கும். பெரியவருக்கு இவையெல்லாம் ஒரே செயல். குழாயோடு மட்டுமே கை கழுவுவதைக் கற்ற பிள்ளைக்கு, குழாய் இல்லாத இடத்தில் அந்தச் செயலே இல்லை.

மொழியிலும் இது உண்டு. தேனி மாவட்டத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி போன்ற குடியிருப்புகளில் முதுவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு பள்ளித் தமிழ் அன்று. மையத்தில் 'தண்ணீர்' என்ற சொல்லுக்கு டம்ளரைத் தொடப் பழகிய பிள்ளை, வீட்டில் 'நீரு' என்று கேட்டால் சும்மா இருக்கும். சொல்லை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினால் பிறகு வரும் பாதி உழைப்பு மிச்சம்.

6. எதைக் கற்பிப்பது

நிலைபேற்றின் பாதி, பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. 1970இல் பேயரும் மோன்ட்ரோஸ் வுல்ஃபும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சில நடத்தைகள் வாசல் போன்றவை. அவற்றைக் கற்ற பிள்ளையை அதன் பிறகு சூழ்நிலையே பிடித்துவைத்துக்கொள்கிறது, ஆசிரியர் தேவையில்லை.

நான்கு நிறங்களைப் பிரித்து அடுக்க ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறது. மையத்தை விட்டு வந்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை. அதே உழைப்பில் தூக்குவாளி மூடியைத் திறக்கக் கற்றால், ஒவ்வொரு நாளும் மூடிக்குள்ளே சோறும் வெஞ்சனமும் இருக்கும். பெட்டிக்கடையில் காசை நீட்டி, விரும்பியதைத் தொட்டுக் காட்டக் கற்றால் கடைக்காரர் மிட்டாய் தருவார். அவருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். நிறம் பிரிப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கு அதுவும் வேண்டும். ஆனால் காலம் குறைவு. பிள்ளை வாழப்போகிற தெரு எதைக் கேட்கும் என்று பார்த்துக் கற்பிப்பதே பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

அரசுப் பள்ளிகளில் இதற்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு ஏற்கெனவே உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி நாள்தோறும் இரண்டு முறை கை கழுவவும், வரிசையில் நிற்கவும், தட்டை ஏந்தவும், இன்னும் வேண்டும் என்று கேட்கவும், தட்டைக் கழுவி வைக்கவும் தேவை எழுகிறது. பலன் உடனே கிடைக்கும். அது செயலோடு ஒட்டியது. பக்கத்துப் பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். மையத்து மேசையில் பொம்மைச் சாப்பாடு வைத்து நடத்தும் பயிற்சியின் கடைசி மாதத்தை இங்கே மாற்றிவிடலாம். பரிமாறும் அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் போதும்: பிள்ளை தட்டை நீட்டும்வரை போடாதீர்கள்.

7. பலனை மெலியச் செய்தல்

பயிற்சியாளர்கள் செய்யும் பெரிய தவறு, பலனை ஒரே நாளில் வெட்டிவிடுவது. நேற்றுவரை ஒவ்வொரு பொத்தானுக்கும் கைதட்டல். இன்று பயிற்சி முடிந்ததால் ஒன்றுமில்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு பொத்தானுக்கும், பிறகு இரண்டு பொத்தானுக்கு ஒருமுறை, பிறகு முழுச்சட்டைக்கும் சேர்த்து. அதன்பின் எந்த நாளில் பாராட்டு வரும் என்று பிள்ளைக்குத் தெரியாதபடி. வீட்டில் பாராட்டு எப்படியும் ஒழுங்கில்லாமல்தான் வரும். அந்த ஒழுங்கின்மைக்குப் பிள்ளையை முன்கூட்டியே பழக்குவதுதான் இது. குறைக்கும்போது செயல் சரிந்தால் ஒருபடி பின்னே போய்க் கொஞ்ச நாள் நின்று மறுபடி குறைக்க வேண்டும். இதற்கு நான்கைந்து வாரம் வேண்டும். அந்த வாரங்களைப் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும்.

மிட்டாயும் நட்சத்திர ஒட்டியும் பற்றி ஓர் எச்சரிக்கை. 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள், பிறகு பரிசில்லாத நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். இதை வைத்துப் பரிசே கூடாது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை தானே விரும்பிச் செய்வதற்குப் பரிசு பேசாதீர்கள் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இன்னும் செய்யத் தொடங்காத ஒன்றைத் தொடங்கிவைக்கப் பரிசு உதவலாம். தொடங்கியபின் மிட்டாயின் இடத்தில் சோறும், வெளியே போவதும், அக்காவின் சிரிப்பும் வந்து உட்கார வேண்டும்.

8. யாரிடம் ஒப்படைப்பது

சென்னையில் மதுரம் நாராயணன் மையம் நடத்திவரும் உபநயன் திட்டத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே வருகிறார்கள்; வீட்டில் பயிற்சியைத் தொடர்வது தாய்தான். தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமங்களிலேயே பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகக் குடும்பங்களை எட்டுகிறது. ஒன்று தாயைச் சார்ந்தது, மற்றொன்று கிராமத்தைச் சார்ந்தது. தாய் பகலில் இல்லாத போடிச் சரிவுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் தேர்வு.

அதற்கு முன்மாதிரி பொதுக்கல்வியிலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு நெடுங்காலம் திறக்கப்படாமல் போனபோது, படிக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட எழுத்துக்கூட்டத் திணறி நின்றதை ஒவ்வொரு ஆசிரியரும் கண்டார்கள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்தத் தெருவிலேயே குடியிருக்கும் தன்னார்வலரிடம் மாலை நேரத்தில் பிள்ளைகளை ஒப்படைத்தது. அதில் எனக்குப் பெரிதாகப் படுவது கற்பித்தல் முறையைவிட அந்த ஏற்பாடு. பாடத்துக்குப் பிறகும் தன்னார்வலர் அதே தெருவில் இருந்தார். குழாயடியில் பிள்ளையைப் பார்த்து 'இன்னைக்கு என்ன படிச்சே?' என்று கேட்கக்கூடியவராக இருந்தார். குறைபாடுள்ள பிள்ளைக்கும் அப்படியொருவர் வேண்டும்: மலைக்குப் போகாத ஒருவர், அதே தெருவில்.

ஒப்படைப்பது என்றால் தொகுப்பேட்டைக் கொடுப்பதல்ல. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். மூன்று செயல்களைத் தேர்ந்துகொண்டு, அவர் வீட்டு அடுப்படியில், அவருடைய டம்ளரை வைத்தே, அவர் செய்ய, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேத்தி டம்ளரைத் தொடுகிறாள். 'ஆத்தா, இப்ப குடுங்க' என்கிறார் பயிற்சியாளர். மறுமுறை அப்பத்தா தானே தருகிறார். மூன்றாம் வருகையில் பயிற்சியாளர் வாசலிலேயே நின்றுகொள்கிறார்.

9. விலக்கக் கூடாத நிழல்

ஏல நாற்றைப் பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். தோட்டத்தில் நட்டபிறகு மழைக்காலத்துக்கு முன்பு மேலே உள்ள மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் எந்த விவசாயியும் நிழல் மரத்தை முழுவதும் வெட்டுவதில்லை. ஏலம் நிழலிலேயே வாழும் செடி. சில பிள்ளைகளுக்குத் துணையும் அந்த நிழல் போன்றதுதான்.

எல்லாத் துணையையும் விலக்கிக் காட்டினால்தான் பயிற்சி வெற்றி என்ற எண்ணம் சில பிள்ளைகளுக்குப் பெரும் அநீதி. கழிப்பறைச் சுவரில் ஒட்டிய படவரிசை, காலையில் ஒரு நினைவூட்டல், வெளியே போகும்போது ஒரு கை ஆகியவை ஆயுள் முழுதும் தேவைப்படுகிற பிள்ளைகள் உண்டு. அந்தத் துணையோடு பழக்கம் நிற்கிறது என்றால் அது நிற்கிறது என்றே பதிவு செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணையை உரிமையாகவே பேசுகிறது. எந்தத் துணை தற்காலிகம், எது நிரந்தரம் என்று பயிற்சி முடியுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்தால், பிறகு வருகிறவர் படவரிசையைக் கிழித்துவிட்டு 'இன்னும் இது எதற்கு' என்று கேட்கமாட்டார்.

10. பின்தொடர்தல்

ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் பயிற்சி முடிந்த தேதிக்குக் கீழே மூன்று தேதிகள் வேண்டும்: இரண்டு வாரம் கழித்து, ஒன்றரை மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. பார்ப்பது மையத்தில் நடக்கக் கூடாது. அங்கே வந்தால் பிள்ளை செய்துகாட்டிவிடும். அதை வைத்து எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போய், ஒன்றும் கேட்காமல், அரைமணி நேரம் உட்கார்ந்து எண்ண வேண்டும்: எத்தனை முறை தேவை எழுந்தது, எத்தனை முறை பிள்ளை செய்தது, எத்தனை முறை அதற்குப் பலன் கிடைத்தது. மூன்றாவது எண்ணிக்கை குறைந்திருந்தால் பிள்ளைக்கு மறுபயிற்சி தேவையில்லை. வீட்டிலிருப்பவரோடு இன்னொரு முறை உட்கார வேண்டும். மூன்று வருகைகளில் ஒன்றாவது காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் ஒரு வேலைநாளில், ஜீப் கிளம்பிய பிறகு நடக்க வேண்டும்.